ஒரு நாற்காலிக்கு மூன்று ஆளுநர்கள்: ஜார்ஜியா, 1947



அமெரிக்க வரலாறு என்றால் வாஷிங்டன், லிங்கன், கென்னடி என்று அதிபர்களின் பெயர்களோடு நின்றுவிடுவது நம் வழக்கம். அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்பும் சட்டமன்றமும் ஆளுநரும் உண்டு. அந்த மாநில வரலாறுகளில் அதிபர்களின் வரலாற்றைக் காட்டிலும் சிந்திக்கத் தூண்டும் பக்கங்கள் புதைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை இங்கே எழுத விழைகிறேன். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில், மூன்று பேர் ஒரே வேளையில் 'நானே ஆளுநர்' என்று உரிமை கொண்டாடிய வரலாறு இது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டில் பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய மாநிலங்களின் ஆளுநர்களை மாமன்னர் நியமிக்கிறார். ஆட்சிப் பொறுப்பு மாநில அரசின் தலைவரிடம் இருக்கும். அமெரிக்க மாநில ஆளுநர் அப்படிப்பட்டவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர் அவர். அதிகார அளவில் நம் மந்திரி பெசாரோடு ஒப்பிடுவதே பொருந்தும். பெயர் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஜார்ஜியாவில் யூஜின் டால்மட்ஜ் என்றொரு அரசியல்வாதி இருந்தார். 1932, 1934, 1940 ஆகிய ஆண்டுகளில் ஆளுநர் தேர்தலில் வென்றவர். சிற்றூர் உழவர்களின் காவலர் என்று தம்மைக் காட்டிக்கொண்டவர்; கறுப்பின மக்களுக்கு எவ்வுரிமையும் கிடைக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றவர். ஆசிரியர்களாகிய நாம் இவரை நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1941இல் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கல்வியியல் புலத்தின் தலைவர் வால்டர் காக்கிங் என்பவர், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து பயிலும் ஏற்பாட்டுக்கு ஆதரவாகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டும் என்றார் டால்மட்ஜ். பல்கலைக்கழக ஆட்சிக் குழு மறுத்தது. உடனே அக்குழுவின் உறுப்பினர்களை மாற்றியமைத்துத் தாம் நினைத்ததை முடித்துக்கொண்டார். ஆசிரியர் கல்லூரி ஒன்றின் தலைவரான மார்வின் பிட்மனும் அதே அலையில் வெளியேற்றப்பட்டார்.

இதன் விளைவு கடுமையாக இருந்தது. தென்மாநிலக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு, ஜார்ஜியாவின் பத்து அரசுக் கல்லூரிகளுக்கான ஏற்பை நீக்கியது. தாம் பெறப்போகும் பட்டத்திற்கு மதிப்பில்லாமல் போகும் என்று உணர்ந்த மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று டால்மட்ஜுக்கு எதிராகப் பரப்புரை செய்தனர். 1942 தேர்தலில் அவர் தோற்றார். வென்றவர் எல்லிஸ் ஆர்னல் என்னும் 35 வயது வழக்கறிஞர். கல்வி நிருவாகத்தில் அரசியல்வாதி கைவைத்ததால் ஓர் ஆட்சியே கவிழ்ந்தது என்பது உலக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய செய்தி அன்று.

ஆர்னலின் ஆட்சி சீர்திருத்த ஆட்சி. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவை ஆளுநரின் பிடியிலிருந்து விடுவித்தார். 1943இல் வாக்குரிமை வயதை 18ஆகக் குறைத்தார். அமெரிக்காவில் இதைச் செய்த முதல் மாநிலம் ஜார்ஜியாதான். வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்றிருந்த முறையை 1945இல் ஒழித்தார். அதே ஆண்டில் மாநிலத்திற்குப் புதிய அரசியலமைப்பும் நடப்புக்கு வந்தது. அதில்தான் முதன்முறையாகத் 'துணை ஆளுநர்' என்ற பதவி உருவாக்கப்பட்டது. ஆளுநர் இறந்தாலோ பதவி விலகினாலோ துணை ஆளுநர் பொறுப்பேற்பார் என்று எழுதினார்கள். ஆனால் ஒன்றை எழுத மறந்தார்கள். தேர்தலில் வென்று, இன்னும் பதவி ஏற்காத ஒருவர் இடையில் இறந்துவிட்டால் என்ன செய்வது? இந்த வினா அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாத வினா அன்று. நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பில் 1933இலேயே இதற்கு விடை எழுதிவிட்டார்கள்: பதவி ஏற்குமுன் அதிபர் இறந்தால், அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட துணை அதிபர் அதிபராவார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்த ஜார்ஜியா அறிஞர்கள் அதைப் பார்க்காமல் விட்டது வியப்பே.

1946ஆம் ஆண்டில் தேர்தல் வந்தது. ஆர்னல் மீண்டும் நிற்கச் சட்டம் இடந்தரவில்லை. அக்காலத்து ஜார்ஜியாவில் மக்களாட்சிக் கட்சியே எல்லாம். அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வென்றவர் ஆளுநர் ஆனது போலத்தான். பல்லாண்டுகளாக அந்த உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி இருந்தது. கொலம்பஸ் நகரைச் சேர்ந்த பிரைமஸ் கிங் என்ற கறுப்பினத்தவர் தொடுத்த வழக்கில், அந்த விதி செல்லாது என்று 1946இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆர்னல் அத்தீர்ப்பைத் தடுக்க முனையவில்லை. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிந்துகொண்டனர். யூஜின் டால்மட்ஜ் மீண்டும் களத்தில் இறங்கினார். வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதே அவருடைய முதன்மை வாக்குறுதி.

ஜூலை 17ஆம் நாள் உட்கட்சித் தேர்தல் நடந்தது. டெய்லர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு) மேசியோ ஸ்னைப்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வாக்களித்தார். இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் பணியாற்றித் திரும்பியவர் அவர். மறுநாள் வெள்ளையர் சிலர் அவருடைய வீட்டுக்கு வந்து அவரைச் சுட்டனர். ஜூலை 20ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை.

வாக்கு எண்ணிக்கையில் இன்னொரு விந்தை நடந்தது. டால்மட்ஜை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் கார்மைக்கேல் 313,389 வாக்குகள் பெற்றார். டால்மட்ஜ் பெற்றவை 297,245. ஆயினும் வென்றவர் டால்மட்ஜ்! 'கவுண்டி அலகு முறை' என்ற ஏற்பாடு அவரைக் காப்பாற்றியது. மாநிலத்தில் 159 கவுண்டிகள். மக்கள்தொகை மிகுந்த 8 கவுண்டிகளுக்குத் தலைக்கு 6 அலகுகள். அடுத்த 30 கவுண்டிகளுக்கு 4 அலகுகள். எஞ்சிய 121 சிறு கவுண்டிகளுக்கு 2 அலகுகள். ஆக மொத்தம் 410. ஒரு கவுண்டியில் முதலிடம் பெறுபவருக்கு அதன் அலகுகள் அனைத்தும் போய்ச்சேரும். அட்லாண்டா மாநகரின் பெரும்பகுதியை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டிக்கு இருந்த மதிப்பு, மூன்று குக்கிராமக் கவுண்டிகளுக்கும் இருந்தது. டால்மட்ஜுக்கு 242 அலகுகள்; கார்மைக்கேலுக்கு 146. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களிடம் இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள். குறைந்த வாக்குப் பெற்றவர் எப்படி வென்றார் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

டால்மட்ஜ் வென்றார், ஆனால் அவருடைய உடல் தோற்றுக்கொண்டிருந்தது. கல்லீரல் நோய் முற்றியிருந்தது. அணுக்கமான ஆதரவாளர்கள் சட்டநூலைப் புரட்டினர். ஆளுநர் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், மிகுதியான வாக்குப் பெற்று உயிரோடிருக்கும் இருவருள் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்றொரு பிரிவு இருந்தது. அமெரிக்கத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத பெயரையும் வாக்காளர் தம் கைப்பட எழுதி வாக்களிக்கலாம். ஆகவே நவம்பர் பொதுத்தேர்தலில், தம் நம்பிக்கைக்குரிய சிலரைக் கொண்டு, யூஜினின் மகன் ஹெர்மன் டால்மட்ஜின் பெயரை எழுதச் செய்தனர். ஹெர்மனுக்கு அப்போது 33 வயது; கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர்; அதுவரை எந்தத் தேர்தலிலும் வென்றவரல்லர்.

பொதுத்தேர்தலில் யூஜின் வென்றார். துணை ஆளுநராக எம்.ஈ. தாம்சன் தேர்வுபெற்றார். இவர் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிக் கல்வி அதிகாரியாக உயர்ந்து, பின்னர் ஆர்னலின் அரசில் பணியாற்றியவர். டிசம்பர் 21ஆம் நாள் யூஜின் டால்மட்ஜ் இறந்தார். பதவியேற்பு ஜனவரியில். எழுத மறந்த அந்த ஒரு வரி இப்போது மாநிலத்தையே ஆட்டிப்படைக்கத் தொடங்கியது.

மூன்று வாதங்கள் எழுந்தன. 'அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தகுதிபெறும் வரை நடப்பு ஆளுநர் பதவியில் நீடிப்பார் என்று அரசியலமைப்பு கூறுகிறது. எனவே நான் விலகேன், தாம்சன் துணை ஆளுநராக உறுதிமொழி ஏற்றதும் அவரிடம் ஒப்படைப்பேன்' என்றார் ஆர்னல். 'மக்கள் என்னைத் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுத்துள்ளனர். இடம் காலியானால் நிரப்பத்தானே அந்தப் பதவி?' என்றார் தாம்சன். 'இறந்தவருக்கு விழுந்த வாக்கு கணக்கில் வராது. எஞ்சியோருள் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்றது ஹெர்மனின் தரப்பு. இம்மூன்றையும் மேல்நிலை மாணவர்களிடம் சொல்லி, யார் பக்கம் நியாயம் என்று வாதிடச் சொல்லலாம். எளிதில் முடிவுக்கு வர இயலாது.

1947 ஜனவரி 14ஆம் நாள் சட்டமன்றம் வாக்குகளை எண்ணியது. கைப்பட எழுதப்பட்ட வாக்குகளில் கார்மைக்கேலுக்கு 669, போவர்ஸ் என்பவருக்கு 637, ஹெர்மனுக்கு 617. ஹெர்மன் மூன்றாமிடம்! முதல் இருவருள் ஒருவரைத்தானே தேர்ந்தெடுக்க முடியும்? ஆதரவாளர்களின் முகம் வெளிறியது. அந்த நேரம் பார்த்து டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து, வேறோர் உறையில் தவறி வைக்கப்பட்டுவிட்டனவாம், 58 வாக்குகள் கிடைத்தன. ஐம்பத்தெட்டும் ஹெர்மனுக்கே. 675 வாக்குகளோடு அவர் முதலிடத்துக்கு வந்தார். டெல்ஃபேர் டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்தக் கவுண்டி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நள்ளிரவு கடந்து, 15ஆம் நாள் அதிகாலையில் 161க்கு 87 என்ற கணக்கில் சட்டமன்றம் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஆதரவாளர் கூட்டம் சூழ ஆளுநர் அலுவலகத்துக்குச் சென்று இடத்தைக் கேட்டார். ஆர்னல் மறுத்தார். தள்ளுமுள்ளு ஏற்பட்டது, கதவு உடைந்தது. பகலில் ஆர்னல் மீண்டும் தம் அறையில் அமர்ந்து பணியாற்றினார். அதற்கடுத்த நாள் வந்து பார்த்தபோது பூட்டுகள் மாற்றப்பட்டிருந்தன. உள்ளே ஹெர்மன் அமர்ந்திருந்தார். ஆளுநர் மாளிகையும் அவர் வசமாகியிருந்தது. ஆர்னல் சளைக்கவில்லை. சட்டமன்றக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் மேசை ஒன்று இருந்தது. அதைத் தம் அலுவலகமாக்கிக்கொண்டு அமர்ந்தார். அங்கே யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். பின்னர் நகரின் வேறொரு கட்டடத்துக்குப் போய்ச் செயல்பட்டார். ஜனவரி 18ஆம் நாள் தாம்சன் துணை ஆளுநராக உறுதிமொழி ஏற்றதும், சொன்ன சொல் தவறாமல் ஆர்னல் விலகினார். மூவர் இருவராயினர்.

இந்தக் குழப்பத்தில் என் மனம் கவர்ந்தவர் இம்மூவருள் ஒருவரும் அல்லர். மாநிலச் செயலாளராக இருந்த பென் ஃபோர்ட்சன் என்பவர்தான். விபத்தொன்றில் நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். மாநில முத்திரை அவருடைய பொறுப்பில் இருந்தது. முத்திரை இல்லாமல் முதன்மையான அரசு ஆவணம் எதுவும் செல்லாது. இரு தரப்பும் அதைக் கேட்டன. நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை எவருக்கும் தர மாட்டேன் என்று அதை ஒளித்து வைத்துவிட்டார். தம் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் வைத்து, கோழி முட்டையை அடைகாப்பது போல் அதன்மேலேயே அமர்ந்திருந்தார் என்பது அம்மாநிலத்தில் இன்றளவும் சொல்லப்படும் செய்தி. அவரிடம் படை இல்லை, கூட்டம் இல்லை. இருந்தது தம் பணியின் எல்லை எது என்ற தெளிவு மட்டுமே.

இதற்கிடையில் அட்லாண்டா ஜர்னல் நாளிதழின் செய்தியாளர் ஜார்ஜ் குட்வின் டெல்ஃபேருக்குப் போனார். கடைசி நேரத்தில் முளைத்த அந்த வாக்குகளின் பட்டியலைப் பார்த்தார். அவற்றுள் 34 பேர் பெயரின் அகரவரிசைப்படியே வந்து வாக்களித்திருந்தனர்! பள்ளியில் வருகைப் பதிவேட்டை அழைக்கும்போதுகூட நம் மாணவர்கள் அவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. குட்வின் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். சிலர் ஊரைவிட்டே குடிபெயர்ந்திருந்தனர். சிலர் தாம் வாக்களிக்கவே போகவில்லை என்றனர். சிலரோ தேர்தலுக்கு முன்பே இறந்திருந்தனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் இச்செய்தி வெளியானது. மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உயிரோடிருந்த மேசியோ ஸ்னைப்ஸ் ஒரு வாக்கு அளித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட அதே மாநிலத்தில், அதே ஆண்டில், புதைகுழியில் கிடந்தவர்கள் தடையின்றி வாக்களித்திருக்கிறார்கள்.

மார்ச் 19ஆம் நாள் மாநில உச்சநீதிமன்றம் 5க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கள்ள வாக்குகளைப் பற்றி நீதிபதிகள் ஆராயவில்லை. ஆராயத் தேவையும் ஏற்படவில்லை. அவர்களின் வாதம் எளிமையானது. எவருக்கும் பெரும்பான்மை இல்லாதபோதுதான் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம். நவம்பரில் யூஜின் டால்மட்ஜ் தெளிவான பெரும்பான்மை பெற்றிருந்தார். அவர் பின்னர் இறந்தார் என்பதால் அந்தப் பெரும்பான்மை இல்லாமல் போய்விடாது. ஆகவே ஹெர்மனின் தேர்வு செல்லாது. அடுத்தவர் தகுதிபெறாததால் ஆர்னல் ஆளுநராக நீடித்தார். அவர் விலகியதும் பொறுப்பு துணை ஆளுநர் தாம்சனுக்கு வந்தது. எழுதப்படாத வரியை நீதிபதிகள் தாமாக இட்டு நிரப்பவில்லை. எழுதப்பட்ட வரிகளைக் கொண்டே வழி கண்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்றே ஹெர்மன் அலுவலகத்தைவிட்டு வெளியேறினார். அவர் கையில் கூட்டம் இருந்தது, சட்டமன்றப் பெரும்பான்மை இருந்தது, ஆளுநர் மாளிகை இருந்தது. கதவை உடைத்துப் புகுந்த அதே மனிதர், ஒரு தாளில் எழுதப்பட்ட தீர்ப்புக்குப் பணிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். இனி மக்களிடம் முறையிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தாம்சனின் ஆட்சி சிறப்பாக நினைவுகூரப்படுவதில்லை. இருப்பினும் ஜெகில் தீவை 675,000 டாலருக்கு மாநிலத்துக்காக வாங்கியது அவருடைய ஆட்சியில்தான். பெருஞ்செல்வர்களின் ஓய்விடமாக இருந்த அத்தீவு இன்று மாநிலத்தின் உடைமை. எஞ்சிய பதவிக்காலத்தை நிரப்ப 1948இல் தேர்தல் வைக்கப்பட்டது. முறைப்படி நின்று, முறைப்படி வாக்குப் பெற்று, ஹெர்மன் டால்மட்ஜ் தாம்சனைத் தோற்கடித்தார். 1950இலும் அவரே வென்றார். 1955 வரை ஆளுநராகவும், 1957 முதல் 1981 வரை அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் இருந்தார். விற்பனை வரி விதித்துப் பள்ளிகளுக்குப் பெருநிதி ஒதுக்கியவர் என்று இவரைப் புகழ்வோர் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் அதே பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்வதை அவர் இறுதிவரை எதிர்த்துவந்த ஆளுநர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதிமன்றம் சரியாகத் தீர்ப்பளித்தது. பதினெட்டே மாதங்களில் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். அந்த 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் எத்தனை பேர் அடக்கம் என்பதுதான் கேள்வி. மிரட்டலாலும் பதிவுத் தடைகளாலும் கறுப்பினத்தவர் பலர் வாக்குச்சாவடிக்கு அப்பாலேயே நிறுத்தப்பட்டிருந்தனர்.

கவுண்டி அலகு முறை அதன் பிறகும் நீடித்தது. 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஃபுல்டன் கவுண்டியில் 556,326 பேர். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். முன்னதற்கு 6 அலகுகள், பின்னதற்கு 2. எக்கோல்ஸ் வாசி ஒருவரின் வாக்கு ஃபுல்டன் வாசிகள் 99 பேரின் வாக்குக்கு நிகர். 1963இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இம்முறையைச் செல்லாது என்று அறிவித்தது. 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்னும் கோட்பாடு அந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற இந்த ஜார்ஜியா வழக்கே வழியமைத்தது.

விடுபட்ட அந்த வரி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1983ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த ஜார்ஜியாவின் இன்றைய அரசியலமைப்பில் அது இருக்கிறது. ஆளுநரோ, ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்கக் காத்திருப்பவரோ இறந்தால் துணை ஆளுநர் பொறுப்பேற்பார் என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். பென் ஃபோர்ட்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முத்திரையின் காவலராகவே 1979இல் பதவியில் இருந்தபடி அவர் காலமானார்.